சாமியார் எத்தனை மணிக்கு வருவார்

லா சப்பல், பாரிஸ்
16 தை 2011

அன்புள்ள தங்கச்சி மரியநாயகிக்கு,

மாதாவின் கிருபையால் நானும் பிலோமினாவும் மகள் செசிலும் நல்ல சுகம். உன் காது எப்படி இருக்கிறது? ரெலிபோனில் நான் கத்துவதும் நீ "என்ன, என்ன" என்று கேட்பதுமாய்ப் போனால், கடைக்கு வந்த சனம் நான் யாரோடோ சண்டை பிடிக்கிறேன் என்று நினைத்து வாசலோடு திரும்பிவிடுகிறது. எங்கள் இரண்டு பேருக்கும் கடிதம்தான் சரி.

இங்கே குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. கடைக் கதவு ஓயாமல் திறந்து மூடுவதால் ஹீற்றரால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஐயா அனுப்பின அந்த மண்ணிறக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் டிவிடி விற்கிறேன். முழங்கையில் பிலோமினா ஒட்டுப் போட்டுத் தந்திருக்கிறாள். நான் ஜெர்மனியில் இருந்தபோது வந்த சட்டை, உனக்கு நினைவிருக்கும். மனிசர் வெறும் மேலோடு திரிகிற யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ஜெர்மனிக்குக் கம்பளி அனுப்பினார் என்று சொல்லி, லா சப்பலில் நான் சிரிக்க வைக்காத ஆளில்லை. அத்தனைக்கும் நான் குளிருது என்று வீட்டுக்கு ஒரு வரி எழுதினதில்லை. "நான் நல்ல சுகம், படிப்பு நன்றாகப் போகிறது." அவ்வளவுதான் எழுதுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பக்கத்தில் பியர்ஃபித்தில் இருக்கிற எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு அங்கே வந்து போனான். கோயில் மண்டபத்தைத் திருத்திக் கட்டுகிறார்களாம். பழைய மூப்பர்மார் எல்லாருடைய படங்களையும் சுவரில் வரிசையாகக் கொழுவப் போகிறார்களாம். எங்களைப் பெத்த ஐயாவின் படம் மட்டும் இல்லையாம். ஏன் இல்லை? பங்குச் சுவாமியாருக்கு அடுத்தபடியாய்க் கோயிலின் நல்லது கெட்டது முழுவதையும் தலையில் சுமந்த மூப்பர் லாசருக்கு ஒரு ஆணி அடிக்க இடமில்லையா? நீ போய்ப் படத்தைக் கொடுத்துவிட்டு எனக்கு எழுது.

பிலோமினா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணை,
அம்புறோஸ்

●

யாழ்ப்பாணம்
9 மாசி 2011

அன்பின் அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எல்லாரும் சுகம் என்று கண்டு மனம் ஆறினேன். நானும் இருக்கிறேன். சண்டைக் காலத்தில் செல் விழுந்து வெடித்ததில் போன வலது காது போனதுதான். இடது காது தன் விருப்பத்துக்குக் கேட்கிறது. இப்போது ஆட்களின் வாயைப் பார்த்தே பாதி விளங்கிக்கொள்கிறேன். பல்லில்லாத கிழவர்கள் கதைத்தால்தான் கஷ்டம்.

பிலோமினா மச்சாளுக்கு ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

படத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐயாவின் படம் கறையான் அரித்துப்போயிற்று. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோதே சட்டம்தான் மிச்சம். அதனால்தான் கொடுக்கவில்லை. மண்டபத்துக் கூரை வேலை இன்னும் முடியவில்லை. அவர்கள் சும்மா கதைக்கிறார்கள், நீங்கள் அதை மனதில் எடுக்க வேண்டாம்.

குளிருக்குள் சைக்கிள் ஓடாதீர்கள்.

அன்புத் தங்கை,
மரியநாயகி

●

லா சப்பல்
27 மாசி 2011

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதமும் உன் பொய்யும் சுகமாக வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் நலம்.

கறையானுக்கு வேறு வேலை இல்லையா? போன வருடம் செசில் அங்கே வந்தபோது உன் சாமிப்படத் தட்டுக்குப் பக்கத்தில் ஐயா மீசையோடு இருப்பதைத் தன் போனில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கறையான் அரித்த அடையாளம் ஒன்றும் இல்லை. நீ ஏன் கொடுக்க மறுக்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. யாராவது ஐயாவைக் குறைத்துப் பேசினார்களா? பேசியிருந்தால் யார் என்று எழுது.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். கார் து நோர் ரயில் ஸ்ரேசன் பக்கத்து ஸ்டூடியோவில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, நேரே சுவாமியாரின் பெயருக்கே அனுப்பப் போகிறேன். நான் அங்கே இல்லாமல் செத்த மனிசர். செத்தவீட்டுக்கும் வரவில்லை, மண்ணும் போடவில்லை. இதையாவது செய்யவிடு.

மற்றப்படி கடை ஓடுகிறது. ஒபர்வில்லியேயில் ஒரு மொத்தக் கடையை மூடுகிறார்கள் என்று பழைய டிவிடி ஒரு பெட்டி கொண்டுவந்தேன். தமிழ்ப் படம் என்று சொல்லித்தான் தந்தார்கள். திறந்து பார்த்தால் எல்லாம் எழுபதுகளில் வந்த ஜெர்மன் படங்கள். அதில் ஒன்று... சரி, அது வேறு கதை. உனக்கு எழுதுகிற கதை இல்லை.

அண்ணை

●

யாழ்ப்பாணம்
15 பங்குனி 2011

அன்பின் அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கக்கூட மனம் ஓடவில்லை, குறை நினைக்க வேண்டாம். படத்தை அனுப்ப வேண்டாம். அனுப்பிவிட்டீர்கள் என்றால் சுவாமியாரிடம் நான் போய்த் திருப்பி வாங்குவேன்.

இவ்வளவு காலமும் உங்களுக்கு மறைத்தது ஒன்று இருக்கிறது. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னார், நான் எழுதவில்லை. ஐயா வயது போய் மூப்பர் பதவியை விட்டதாகத்தானே உங்களுக்குத் தெரியும்? அப்படி இல்லை.

எழுபத்தேழாம் ஆண்டு தவக்காலம். பட்டணத்தில் இங்கிலீசுப் படம் ஓடுகிற தியேட்டருக்கு ஒரு படம் வந்தது. ஜெர்மன் படமாம், இங்கிலீசில் கதைக்க வைத்திருந்தார்களாம், ஐந்து குட்டிக் கதைகளாம், எல்லாம் ஒரே கதைதானாம். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் போஸ்டர் ஒட்டியிருந்தது. பனிமலை, அதன் அடியில் துவாய் மாத்திரம் கட்டின ஐந்து வெள்ளைக்காரப் பெட்டைகள் சிரித்தபடி. நாங்கள் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டுதான் அந்த இடத்தைக் கடப்போம். தவக்காலத்தில் இப்படிப் படமோ என்று கோயிலில் இருந்து ஆட்கள் திரண்டு மனேச்சரிடம் போனார்கள். முன்னுக்குப் போனவர் ஐயாதான்.

போனவர் ஒன்றும் கதைக்காமல் திரும்பி வந்தார். அந்த வாரமே அவர் அந்தத் தியேட்டருக்குள்ளிருந்து வெளியே வருவதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், அண்ணை. ஒருநாள் இல்லை, பல நாள். கோயில் சபையில் ஐயாவோடு இருந்த பத்திநாதர் அண்ணை போய்ச் சுவாமியாரிடம் சொன்னார். சுவாமியார் கூப்பிட்டு, "போனீரோ?" என்று கேட்க, ஐயா "ஓம், போனனான்" என்றார். "ஏன்?" என்றதற்கு வாய் திறக்கவில்லை. பதவியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கிணற்றடியில் முகம் கழுவினார்.

பள்ளிக்கூடத்தில் என்னை "படக்கார மூப்பற்றை மகள்" என்றார்கள். அதற்குப் பிறகு நான் ஐயாவோடு ஒரே பூசைக்குப் போனதில்லை. அவர் முதற் பூசைக்குப் போனால் நான் இரண்டாவதுக்குப் போவேன். இப்போதும் "லாசர் மூப்பற்றை படம் எங்கை?" என்று மண்டபத்தில் யாராவது கேட்டால், பழைய ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவரைக் கொண்டுபோய்க் கொழுவச் சொல்கிறீர்களா?

உங்கள் தங்கை,
மரியநாயகி

●

யாழ்ப்பாணம்
3 வைகாசி 2011

அன்பின் அண்ணைக்கு,

எல்லாரும் சுகமா? ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. ரெலிபோனும் இல்லை. செசிலுக்கு ஏதும் வருத்தமா, மச்சாளுக்கு ஏதுமா என்று இரவில் நித்திரை இல்லை.

நான் எழுதியிருக்கக் கூடாது. ஐயாவை மனதுக்குள் வைத்துக் கும்பிட்டுக்கொண்டு இருந்தீர்கள், நான் அதையும் கெடுத்துவிட்டேன். அவர் நல்ல மனிசர் அண்ணை. ஏதோ ஒரு நேரம் புத்தி தடுமாறியிருக்கும். நான் அப்படித்தான் நினைத்து நினைத்து ஆறுகிறேன்.

கோபம் என்றால் கோபம் என்றாவது ஒரு வரி போடுங்கள்.

மரியநாயகி

●

லா சப்பல்
22 வைகாசி 2011

என் அன்புத் தங்கச்சிக்கு,

ஒருவருக்கும் வருத்தமில்லை. கோபமும் இல்லை. உன் பங்குனிக் கடிதத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன், அவ்வளவுதான். "துவாய் கட்டின ஐந்து பெட்டைகள்" என்று நீ எழுதின இடத்திலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் அதே ஐந்து பேரும் என் கடை மேசைக்குக் கீழே, ஒரு டிவிடி அட்டையில், அதே மலைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், மூலையில், தாடியும் தலைப்பாகையுமாக நகமளவில் ஒரு சாமியார்.

தங்கச்சி, அந்தச் சாமியார் நான்தான்.

படிப்பை நான் முதல் வருடமே விட்டுவிட்டேன். மூளையில் ஏறவில்லை. வீட்டுக்கு எழுத வெட்கம். மலையில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். அங்கே படம் எடுக்க ஒரு கூட்டம் வந்தது. மூன்றாவது கதையில் இமயமலையிலிருந்து வந்த ஒரு சாமியார் வேண்டுமாம். அந்த மலையிலேயே கறுப்பாய் இருந்தவன் நான் ஒருவன்தான். இமயமலைச் சாமியாருக்குக் குளிராது என்று அவர்களே முடிவு செய்து, வெறும் மேலோடு பனிக்குள் ஒரு புலித்தோலைப் போட்டு இருத்திவிட்டார்கள். தோலும் பொய், தாடியும் பொய், குளிர் மட்டும் உண்மை. பெட்டைகள் நீராவிக் குளியலிலிருந்து ஓடிவந்து என் காலில் விழுந்து ஆசீர்வாதம் கேட்பார்கள், நான் என் பாஷையில் ஒரு மந்திரம் சொல்ல வேண்டும். எனக்கென்றால் அருள்நிறைந்த மரியே செபம்கூட வாயில் வரவில்லை. பல்லு கிடுகிடு என்று அடித்தது. கமராவுக்குப் பின்னால் நின்ற டைரக்டரைப் பார்த்துச் சொன்னேன்: "ஐயா, சரியாக் குளிருது. ஒரு சட்டை தாங்கோ ஐயா." ஐயா என்றது அவருக்கு மரியாதையாக. அந்த மனிசன் கை தட்டினான். வலு திறமான மந்திரமாம். பிறகு இங்கிலீசிலும் பிரெஞ்சிலும் எல்லாருடைய குரலையும் மாற்றினவர்கள், மந்திரம் என்று நினைத்து அதில் மட்டும் கை வைக்கவில்லை.

நான் அட்டையை ஒளித்து வைக்க, கடை கூட்ட வந்த பிலோமினா எடுத்துவிட்டாள். நல்லாய் உற்றுப் பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, உந்தச் சாமியார் உங்களை மாதிரியே ஒரு பக்கம் சரிஞ்செல்லோ இருக்கிறார்" என்றாள். தப்ப முடியவில்லை. வீட்டில் போட்டுப் பார்த்தாள். என் இடம் வந்ததும், "கலியாணத்துக்கு முதல் இவ்வளவு வடிவாய் இருந்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் ஓட்டிவிடச் சொன்னாள். செசில் "செ பா வ்ரே, பப்பா", உண்மையாய் இருக்காது என்று பிரெஞ்சில் சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து விழுந்தாள். அது வரைக்கும் எனக்கும் பகிடிதான்.

பிறகுதான் உன் கடிதம் வந்தது. தவக்காலத்தில் ஐயா அந்தத் தியேட்டருக்குப் போனார். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு எனக்குக் கம்பளிச் சட்டை வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஐயா என்னைக் கண்டாரா? கண்டுதான் போனாரா? அங்கே அதைச் சொல்லக்கூடிய ஒரு ஆளாவது உயிரோடு இருந்தால் கேட்டு எழுது. நான் சும்மா எனக்கு வசதியாய் நினைக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

அம்புறோஸ்

●

யாழ்ப்பாணம்
30 ஆனி 2011

அன்பின் அண்ணைக்கு,

சுகம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் இருந்தேன்.

தியேட்டரில் ரிக்கற் கிழித்த குலசேகரம் அண்ணை கொட்டடியில் மகளோடு இருக்கிறார் என்று அறிந்து போனேன். நல்ல காலம், பல்லுக் கட்டியிருக்கிறார், வாய் வடிவாய் விளங்குகிறது. படத்தின் பெயரைச் சொல்ல முதலே, பனிமலை என்றதும் சிரித்தார். "அதோ? சென்சார்காரர் வெட்டின பிறகு அதிலை என்ன இருந்தது தங்கச்சி? மலையும் பனியும் உந்தச் சாமியாரும்தான் மிச்சம். சனம் கதிரையை உடைச்சது" என்றார்.

நான் ஐயாவைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"லாசர் மூப்பர் ஆக்களோடை வந்து மனேச்சற்றை அறைக்கு முன்னாலை நிண்டவர். பக்கத்திலை கண்ணாடிப் பெட்டிக்குள்ளை படத்தின்ரை போட்டோக்கள் ஒட்டியிருக்கும். அதைத் திட்டுறதுக்கெண்டு கிட்டப் போனவர், தன்ரை மூக்கு அந்தப் பெட்டிக் கண்ணாடியிலை முட்டுற மட்டும் குனிஞ்சு பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு மற்ற ஆக்களைப் பாத்து, நீங்கள் போங்கோ, நான் தனியக் கதைச்சிட்டு வாறன் எண்டார். எல்லாரும் போக, என்னட்டை வந்து மெல்லமாய்க் கேட்டார்: தம்பி, இந்தச் சாமியார் எத்தனை மணிக்கு வருவார்?"

அண்ணை, அவர் படம் தொடங்கப் போகிறதில்லையாம். சாமியார் வருகிற நேரத்துக்குத்தான் போவாராம். கதிரையில் இருக்க மாட்டாராம். கதவுத் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றே பார்ப்பாராம். நீங்கள் அந்த மந்திரத்தைச் சொன்னதும் பெடியன்கள் விசிலடித்துச் சிரிப்பார்களாம். ஐயா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மற்றக் கதை தொடங்க முதல் வெளியே போய்விடுவாராம். படம் மாறும் வரைக்கும் வந்தாராம். "நல்ல மனிசன், ஏன் வந்தவரெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது" என்றார். நான் சொன்னேன்.

இன்னொன்று. அந்தப் பெரிய வியாழனுக்கு முதல் ஐயா சில நாள் வீட்டில் இல்லை. வெட்கத்தில் முகத்தை ஒளிக்க எங்கேயோ போய்விட்டார் என்று அம்மாவும் நானும் நினைத்தோம். திரும்பி வந்தபோது கையில் ஒரு பார்சல். "என்னய்யா உது?" என்று கேட்டேன். "நுவரெலியாவிலை வாங்கினது. பெடியன் கேட்டவன்" என்றார். நீங்கள் கடிதத்தில் கேட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். அந்தக் கம்பளி அந்தக் குளிர் மலையூரில்தான் கிடைக்கும் என்று ரயிலேறிப் போயிருக்கிறார். நீங்கள் கடிதத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை என்று இந்த வருடத்துத் தைக் கடிதத்தில்தானே எழுதினீர்கள்.

சுவாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதவி போயிருக்காது. சொன்னால் உங்கள் பெயர் போகும். அதனால் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். அது விளங்காமல் நான் அவர் சாகும் வரைக்கும் வேறு பூசைக்குப் போனேன். ஒரு நாளாவது பக்கத்தில் போய் முழங்காலில் நின்றிருக்கலாம். எனக்குத் தாங்க முடியவில்லை அண்ணை.

இப்போது ஐயாவின் படத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்க ஆசை. ஆனால் காரணம் சொல்லாமல் கொடுத்தால் சிரிப்பார்கள். காரணம் சொன்னால் உங்களைச் சிரிப்பார்கள். சொல்லட்டோ, விடட்டோ?

மரியநாயகி

●

லா சப்பல்
18 ஆடி 2011

என் தங்கச்சிக்கு,

சொல்லு. காது கேட்காதவர்களுக்கும் கேட்கிற மாதிரிக் கோயில் ஒலிபெருக்கியில் சொல்லு. நான் இங்கே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிறவன், அதனால் பிலோமினாதான் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவளே, "மாமா உங்களுக்காண்டி வாய் திறக்கேல்லை. நீங்கள் அவருக்காண்டித் திறவுங்கோவன்" என்றாள். போன ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது நானே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். இப்போது லா சப்பலில் என் பெயர் சாமியார். மீன் கடைக்காரன் நேற்று ஆசீர்வாதம் கேட்டான்.

ஐயாவின் படம் பெரிதாக்கிச் சட்டம் போட்டு இதோடு வருகிறது. ஒரு சீடியும் வைத்திருக்கிறேன். செசில் என் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தந்தாள். பெட்டைகள் வருகிற இடத்தையெல்லாம் வெட்டி, நான் மந்திரம் சொல்கிறதை மட்டும் விடச் சொன்னேன், பயப்படாமல் பார்க்கலாம். சத்தம் உனக்குக் கேட்காது. பரவாயில்லை, மந்திரத்தில் ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ அழுதது காணும். சின்னப் பிள்ளைக்கு யாரும் சொல்லாவிட்டால் எப்படித் தெரியும்?

அண்ணை

●

யாழ்ப்பாணம்
25 ஆவணி 2011

அன்பின் அண்ணைக்கும் மச்சாளுக்கும் செசிலுக்கும்,

நான் சுகம், உண்மையாகவே சுகம். மண்டபம் திறந்தாயிற்று. ஐயா சுவரில் இருக்கிறார்.

படத்தைச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தில் நடந்த கோயில் கூட்டத்துக்குப் போனேன். சுவாமியார் இளம் ஆள், பழைய கதை தெரியாது. பத்திநாதர் அண்ணைதான் கூட்டத்துக்குத் தலைவர். "உது சரிவராது பிள்ளை. அவர் விலகின காரணம் எல்லாருக்கும் தெரியும்" என்றார். நான் எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கோப்பை கழுவினது, புலித்தோல், குளிர், நுவரெலியா, ஒன்றும் விடவில்லை. மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. என் காதுக்குத்தான் கேட்கவில்லையோ என்று வாய்களைப் பார்த்தேன், ஒரு வாயும் அசையவில்லை.

பத்திநாதர் அண்ணை மட்டும், "அப்பிடியெண்டாலும் மூப்பர் ஒராள் உப்பிடிப்பட்ட படத்துக்கு உள்ளை போகலாமோ?" என்றார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. "ஐயாவை நீங்கள் எங்கை வைச்சுக் கண்டனீங்கள்?" என்று கேட்டேன். "தியேட்டரிலைதான்" என்றார். "வெளியிலையோ, உள்ளையோ?" என்றேன். சாட்சிக்கு நான் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் இருத்தின குலசேகரம் அண்ணை கையை உயர்த்தி, "பத்திநாதர் முதல்லையிருந்து கடைசி மட்டும் இருந்து பாத்தவர். நான்தானே ரிக்கற் கிழிச்சனான்" என்றார். பிறகு எழுந்த சிரிப்பு, அண்ணை, என் இடது காதுக்கே கேட்டது. முப்பத்துச் சொச்சம் வருடம் ஐயாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு ஒரே நாளில் வீடு மாறிப் போயிற்று. ஆணி அடிக்க ஏணியைப் பிடித்தவர் பத்திநாதர் அண்ணைதான். பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாவம், அவருக்கும் வயதுதானே.

ஞாயிறு முதற் பூசைக்குப் போனேன். ஐயா போகிற பூசை.

சீடியைப் பக்கத்து வீட்டுக் கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு மெலிந்து போயிருக்கிறீர்கள். சத்தம் கேட்கவில்லை, ஆனால் எனக்கு வாய் வாசிக்கத் தெரியும். முதல் சொல்லே "ஐயா" என்றுதான் வந்தது. நீங்கள் பக்கத்தில் எங்கேயும் பார்க்கவில்லை. கமராவுக்குள்ளேயே நேரே பார்த்துக்கொண்டு சொல்கிறீர்கள். அந்தப் பக்கம் கதவுத் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிசருக்கு அது எப்படி இருந்திருக்கும்? டைரக்டரைக் கூப்பிட்டது என்று அவருக்குத் தெரியாதே. தன்னைத்தான் பிள்ளை கூப்பிடுகிறான் என்று நினைத்துவிட்டார். பாவம் ஐயா.

உங்கள் தங்கை,
மரியநாயகி

●

லா சப்பல்
16 புரட்டாதி 2011

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பிலோமினா சத்தம் போட்டு வாசித்தாள். பத்திநாதர் இடத்தில் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். முடிவில் கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டாள்:

"டைரக்டரைக் கேட்டதெண்டெல்லோ எழுதினீங்கள். அந்த மனிசனுக்குத் தமிழ் தெரியுமோ?"

"இல்லை."

"உங்களுக்கு அந்த ஜெர்மன்காரற்றை டொச் தெரியும்தானே அப்ப?"

"ஓம், கோப்பை கழுவுற அளவுக்கு."

"பிறகென்ன. சட்டை வேணுமெண்டால் டொச்சிலை கேட்டிருப்பியளே."

கேட்டுவிட்டு அவள் குசினிக்குச் சமைக்கப் போய்விட்டாள். நான் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி யோசித்தேன். டைரக்டரை நாங்கள் எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். ஜெர்மனியிலோ பிரான்சிலோ எந்த வெள்ளைக்காரனையும் நான் ஐயா என்று கூப்பிட்டதில்லை. அந்த மலையில் தமிழ் விளங்கக்கூடிய ஒரு உயிர் இல்லை. அப்படியிருக்க, பல்லு அடிக்கிற நேரத்தில் நான் தமிழில் யாரைக் கேட்டேன்?

முன்கடிதத்தில் மரியாதைக்குச் சொன்னது என்று எழுதினேன். அந்த வரியை வெட்டிவிடு. வீட்டுக்குப் போட்ட கடிதம் முழுவதிலும் சுகம், சுகம் என்று பொய் எழுதினவன், உண்மையை அந்தக் கோதாரிப் படத்துக்குள் மட்டும் சொல்லியிருக்கிறேன். ஐயா பிழையாய் விளங்கவில்லை, தங்கச்சி. நான் அவரைத்தான் கூப்பிட்டேன். எனக்குத்தான் இவ்வளவு காலம் விளங்கவில்லை.

இங்கே இந்த முறை குளிர் முந்திவிட்டது. வழக்கம்போல் நான் நல்ல சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். இனி உனக்கு அப்படி எழுத மாட்டேன். முழங்கால் நோகிறது. படியேற முடியவில்லை. உன்னையும், சுவரில் இருக்கிற அந்த மனிசரையும் பார்க்க வேணும் போலக் கிடக்குது. நத்தாருக்கு வருகிறேன், முதற் பூசைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போ.

சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். குளிரவில்லை.

உன் அண்ணை,
அம்புறோஸ்